விழுந்தவளைத் திரும்பிப் பார்க்காதே

என் டீமில் ஆடிய பெண்களின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. இப்போது அவர்கள் கையில் ஆளுக்கொரு போன் இருக்கிறது. இதைப் படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்று கத்துவார்கள். அதனால் ஜெர்சி நம்பர் போதும். ஒன்றாம் நம்பர் எங்கள் கோல்கீப்பர். ஒன்பதாம் நம்பர் முன்னால் நின்று கோல் போட வேண்டியவள். போட வேண்டியவள் என்றுதான் சொல்ல முடியும், முதல் ஆறு மேட்சில் அவள் ஒரு கோல்கூடப் போடவில்லை.

இரண்டு பேரும் அண்ணன் தம்பி மக்கள். திருவிடந்தைக்குப் பக்கத்தில் கடலைப் பார்த்த குப்பம். ஒட்டினாற்போல இரண்டு வீடு, நடுவில் ஒரே சுவர். ஒருத்திக்குச் சளி பிடித்தால் அடுத்தவள் மறுநாள் தும்முவாள். மேட்சுக்கு நான் கட்டிக்கொண்டு போகும் லெமன் சாதத்தை இரண்டு பேரும் ஒரே டப்பாவில்தான் சாப்பிடுவார்கள். இன்னொரு டப்பா இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்களடி என்றால் கேட்க மாட்டார்கள்.

நான் திண்டுக்கல்காரி. சிறுசேரியில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. அதாவது அடுத்தவர் செய்ததில் தப்புக் கண்டுபிடிக்க எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். அந்தப் புத்தி சாயங்காலம் பேட்ஜைக் கழற்றி வைத்த பிறகும் போவதில்லை. என் வீட்டுக்காரரைக் கேட்டால் சொல்வார். காலேஜில் மூன்று வருடம் லெப்ட் பேக் ஆடினேன். கல்யாணம், குழந்தை, கேப், ஷட்டில் என்று ஆன பிறகு பந்தைத் தொட்டதே இல்லை.

மறுபடி தொட்டது கம்பெனி புண்ணியத்தில். ஒரு சனிக்கிழமை எல்லோருக்கும் ஒரே கலர் டீ-ஷர்ட் மாட்டி, கடற்கரையில் பிளாஸ்டிக் பொறுக்கக் கூட்டிக்கொண்டு போனார்கள். அரை மணி நேரம் பொறுக்கினோம், ஒரு மணி நேரம் போட்டோ எடுத்தோம். கொஞ்சம் தள்ளி சில பெண்கள் வெறுங்காலில் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். கரையில் இழுத்துப் போட்டிருந்த இரண்டு படகுகளுக்கு நடுவே ஒருத்தி நின்று, வந்த பந்தையெல்லாம் பாய்ந்து பாய்ந்து பிடித்தாள். விழுவதற்குக் கொஞ்சமும் பயம் இல்லை. நான் குப்பைப் பையைக் கீழே வைத்துவிட்டு, நான் ஒன்று உதைக்கட்டுமா என்று கேட்டேன்.

"நீங்களா?" என்று மேலும் கீழும் பார்த்தாள். "ஒதைங்க, பாப்போம்."

என்னால் முடிந்த அளவு ஓங்கி உதைத்தேன். அலட்டிக்கொள்ளாமல் பிடித்துத் திருப்பி எறிந்தாள். அவள்தான் ஒன்றாம் நம்பர். அன்றிலிருந்து சனி, ஞாயிறு காலை என் ஸ்கூட்டி அந்தக் கரையில்தான் நின்றது. பதினான்கு வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கு ஞாயிறு மத்தியானங்களில் ஒரு லீக் நடக்கிறது என்று கேள்விப்பட்டு, பதின்மூன்று பேரைச் சேர்த்து, என் சொந்தப் பொறுப்பில் பெயரைக் கொடுத்தேன். எனக்கு அப்போது இருந்த தைரியத்தை நினைத்தால் இப்போது அழுகைதான் வருகிறது.

முதல் மேட்ச் ஐந்து-பூஜ்யம். இரண்டாவது மேட்ச் ஏழு-பூஜ்யம். மணலில் ஆடிப் பழகிய கால்கள். கெட்டித் தரையில் பந்து இவர்களுக்கு முன்னால் ஓடிவிட்டது. ஷூ கடிக்கிறது என்று பாதி மேட்சில் மூன்று பேர் கழற்றி வைத்துவிட்டார்கள், ரெஃப்ரீ என்னைக் கூப்பிட்டுத் திட்டினார். ஐந்தாம் நம்பருக்குச் சிரிப்பு வந்தால் அடங்காது, எதிராளி பந்தோடு வரும்போதுதான் அவளுக்குச் சிரிப்பே வரும். இதையெல்லாம் சரி பண்ணிவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

மூன்றாவது மேட்சில்தான் உண்மையான வியாதி என்னவென்று எனக்குத் தெரிந்தது. எதிர் டீம் பெண் ஒருத்தி எங்கள் கோலுக்குப் பக்கத்தில் கால் தடுக்கி விழுந்தாள். சும்மா முட்டி சிராய்த்ததுதான். பந்து இன்னும் அவளுடைய டீமிடம்தான் இருக்கிறது. எங்கள் ஆட்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? நின்றுவிட்டார்கள். ஒருத்தி அவளைத் தூக்கினாள், ஒருத்தி முட்டியில் ஊதினாள், ஒருத்தி தண்ணீர் பாட்டிலுக்கு என்னிடம் ஓடி வந்தாள். ஒன்றாம் நம்பர் கோலையே விட்டுவிட்டு வந்து அந்தப் பெண்ணின் பாதத்தைப் பிடித்து நீவிக்கொண்டிருந்தாள். அந்த டீமின் இன்னொரு பெண் காலியான கோலுக்குள் பந்தை மெதுவாகத் தள்ளிவிட்டு, தான் செய்தது சரியா என்று தெரியாமல் ரெஃப்ரீயைப் பார்த்தாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இடைவேளையில் கத்தினேன். "புட்பால் ஆட வந்தீங்களா, நர்ஸ் வேலை பார்க்க வந்தீங்களா?"

"வுயுந்துட்டா மிஸ்," என்றாள் ஒன்றாம் நம்பர்.

"அதுக்கு?"

"வுயுந்துட்டா இல்ல?" என்றாள் மறுபடியும். அதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. மற்ற பெண்களும் என்னைத்தான் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

அந்த வாரமே அதற்குப் பதில் கிடைத்தது. சனிக்கிழமை காலை, பயிற்சி நடந்துகொண்டிருக்கிறது. கரைக்கு ஏற வந்த பைபர் படகு ஒன்று அலையில் பக்கவாட்டாகத் திரும்பிக் கவிழ்ந்தது. "கவுந்துச்சு!" என்று ஒரே ஒரு குரல்தான் கேட்டது. திரும்பிப் பார்ப்பதற்குள் என் முன்னால் ஒரு பெண் இல்லை. பந்து மட்டும் மணலில் உருண்டுகொண்டிருந்தது. மீன் ஏலம் கூறிக்கொண்டிருந்த ஒரு அம்மா விலையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினார். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள், டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஓடினார்கள். முதலில் தண்ணீரில் குதித்தவர் ஒன்றாம் நம்பரின் அப்பா. கவிழ்ந்த படகின் சொந்தக்காரரோடு அவருக்கு இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது என்று ஐந்தாம் நம்பர் பிறகு எனக்குச் சொன்னாள். ஏதோ வலைத் தகராறாம். படகில் இருந்த மூன்று பேரையும் இழுத்துப் போட்டார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எங்கள் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று கயிறு பிடித்துவிட்டுத் திரும்பி வந்தார்கள்.

நான் அவ்வளவு நேரமும் விசில் அடித்துக்கொண்டிருந்தேன். ஒருத்திகூடத் திரும்பவில்லை. திரும்பி வந்தவர்களிடம் நான் செய்ததைச் சொல்லவே கூசுகிறது. என்னைக் கேட்காமல் பயிற்சியை விட்டுப் போனதற்காக, ஆளுக்கு ஐந்து ரவுண்டு ஓடச் சொன்னேன். ஈர உடையோடு ஓடினார்கள். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. என்னைக் கடக்கும்போது ஒன்றாம் நம்பர் ஒன்பதிடம், "உடு, மிஸ்ஸுக்குக் கடல் தெரியாது," என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள்.

எனக்குப் புரியாமல் இல்லை. நன்றாகவே புரிந்தது. கடல் வேறு, கிரவுண்டு வேறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இந்தப் பழக்கத்தை மட்டும் மாற்றிவிட்டால் டீம் ஜெயித்துவிடும் என்று அன்று ராத்திரி சப்பாத்தி தேய்த்துக்கொண்டே வீட்டுக்காரரிடம் பெரிய பேச்சுப் பேசினேன். அவர், "நல்ல பழக்கம்தானே, அதை ஏன் மாத்தணும்?" என்றார். உங்களுக்கு புட்பால் தெரியாது, பேசாதீங்க என்றேன்.

ஜெயிக்க வேண்டிய அவசரமும் இருந்தது. லீக் முடிந்து இரண்டு வாரத்தில் விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கும் செலக்‌ஷன் வருகிறது. தேர்வானால் தங்குமிடம், சாப்பாடு, படிப்பு, கோச்சிங் எல்லாம் இலவசம், பன்னிரண்டாவது வரைக்கும். ஒன்றாம் நம்பருக்கு அதுதான் கடைசி வருடம், அடுத்த வருடம் வயது தாண்டிவிடும். என் பதின்மூன்று பேரில் அந்த இடத்துக்குப் போகத் தகுதி உள்ளவள் அவள் ஒருத்திதான். அவள் அப்பாவைச் சம்மதிக்க வைக்க எனக்கு மூன்று மாதம் பிடித்தது. அவள் அம்மா ஈசிஆர் ஓரத்தில் மீன் விற்பவர். முதல் தடவை நான் விஷயத்தைச் சொன்னபோது கத்தியை மீன் மேலேயே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சோறு போட்டு, துணி குடுத்து, பட்க்கவும் வெப்பாங்களா? மெய்யாலுமா?"

"மெய்யாலுமேதான்," என்றேன். அவருக்காக அந்த வார்த்தையை நானும் சொல்லிப் பார்த்தேன். ரொம்ப நேரம் சிரித்தார்.

அந்த விண்ணப்பத்தை நான்தான் என் கையால் நிரப்பினேன். ஆடிய டீமின் சாதனைகள் என்று ஒரு கட்டம் இருந்தது. அதை மட்டும் காலியாக விட்டேன். எல்லா மேட்சிலும் தோற்றோம் என்று எப்படி எழுதுவது? ஒரே ஒரு ஜெயம் போதும், எழுதிவிடலாம் என்று காத்திருந்தேன். அவளுக்காக என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். திங்கட்கிழமை ஆபீஸ் கேன்டீனில், "என்ன கோச், இந்த வாரமாவது உண்டா?" என்று கேட்பவர்களின் வாயை அடைக்க வேண்டும் என்ற ஆசையும் அதற்குள் இருந்தது. இப்போது மறைத்து என்ன ஆகப் போகிறது.

அந்தப் பழக்கத்தை மாற்ற நானே ஒரு பயிற்சி கண்டுபிடித்தேன். ஆட்டம் நடக்கும்போது ஓரத்தில் நிற்கிற நான் திடீரென்று "அம்மா!" என்று கத்திக்கொண்டு மணலில் விழுவேன். யார் திரும்பிப் பார்க்கிறாளோ அவளுக்கு ஒரு ரவுண்டு. யார் நிற்கிறாளோ அவளுக்கு இரண்டு. கிட்டே வந்தால் ஐந்து. முதல் நாள் பதின்மூன்று பேரும் பதறிக்கொண்டு ஓடி வந்தார்கள். நான் எழுந்து மணலைத் தட்டிவிட்டு, "எல்லாரும் அஞ்சு ரவுண்டு," என்றபோது சிரி சிரி என்று சிரித்தார்கள். "இன்னா மிஸ், ட்ராமாவா?" என்று கேட்டார்கள். வாராவாரம் விழுந்தேன். ஒரு தடவை முழங்காலைப் பிடித்துக்கொண்டு, ஒரு தடவை கண்ணில் மண் விழுந்த மாதிரி. பிறகு அவர்களிலேயே ஒருத்தியின் காதில் ரகசியமாகச் சொல்லி விழ வைத்தேன். அவளை அழச் சொன்னேன். அது இன்னும் நன்றாக வேலை செய்தது.

"விழுந்தவளைத் திரும்பிப் பார்க்காதே. விசில் வந்தா மட்டும் நில்." பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் இதைச் சொல்ல வைத்தேன். எல்லோரும் கற்றுக்கொண்டார்கள், ஒன்றாம் நம்பர் தவிர. அவள் பந்தைப் பார்த்துக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல், "மிஸ், கால் சர்யா கீதா?" என்று கோலில் இருந்து கேட்பாள். திரும்பிப் பார்க்கவில்லை என்று அவளுக்கு ஒரு சமாதானம். அதற்கும் ஓட வைத்தேன். அந்த டீமிலேயே அதிகம் ஓடியவள் அவள்தான்.

கடைசி மேட்சுக்கு முந்தின நாள் நான் விழுந்தேன். "அம்மா!" என்று என் ஊர் வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன். யாரும் திரும்பவில்லை. கோலில் இருந்தும் ஒரு சத்தமும் வரவில்லை. மல்லாந்து கிடந்தேன், மேலே வானம் வெளுத்துக் கிடந்தது, பந்தின் சத்தமும் பெண்களின் சத்தமும் என்னைவிட்டுத் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தன. அப்போது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! சாதித்துவிட்டேன் என்று மணலைக் கைநிறைய அள்ளி விட்டேன்.

கடைசி மேட்ச் கூடுவாஞ்சேரிப் பக்கம். கோவளத்தில் ஒரு பஸ், கேளம்பாக்கத்தில் ஒரு பஸ், வண்டலூரில் ஒரு பஸ். ஒவ்வொரு பஸ்ஸிலும் ஏறியதும் தலையை எண்ணுவேன், பதின்மூன்று. மத்தியான வெயிலில் கிரவுண்டு செம்மண்ணாகக் காய்ந்து கிடந்தது. எதிர் டீம் நல்ல பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். கோச்சே இரண்டு பேர். உட்கார்ந்திருந்த பன்னிரண்டாம் நம்பரிடம் என் போனைக் கொடுத்து, வீடியோ எடுடி என்றேன்.

அன்றைக்கு ஆடினார்கள் பாருங்கள், அப்படி ஒரு ஆட்டம். யார் விழுந்தாலும் ஒருத்தி நிற்கவில்லை. எதிர் டீமில் இரண்டு பேர் விழுந்தார்கள், எங்கள் பெண்கள் தாண்டிக்கொண்டு ஓடினார்கள். இடைவேளை வரை பூஜ்யம்-பூஜ்யம். ஒன்றாம் நம்பர் எத்தனை பந்தைப் பிடித்தாள் என்று எனக்கு எண்ணிக்கையே இல்லை. எதிர் டீம் கோச் ஒருவர் என்னிடம் வந்து, "அந்தக் கோல்கீப்பர் பொண்ணை செலக்‌ஷனுக்கு அனுப்புங்க மேடம்," என்றார். "ஃபாரமெல்லாம் ரெடி சார்," என்றேன். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆட்டம் முடிய ஐந்தாறு நிமிடம் இருக்கும். எதிர் டீம் பெண் ஒருத்தி எல்லோரையும் தாண்டிக்கொண்டு தனியாகப் பந்தோடு வந்தாள். ஒன்றாம் நம்பர் கோலைவிட்டு ஓடிவந்து அவள் காலடியில் பாய்ந்தாள். இரண்டு பேரும் உருண்டு விழுந்தார்கள். பந்து எங்கள் கீப்பர் கையில் பட்டுத் தெறித்து ஐந்தாம் நம்பரிடம் போனது. ரெஃப்ரீ பந்தைப் பார்த்துக்கொண்டே ஓடினார், விசில் இல்லை. ஐந்தாம் நம்பர் சிரிக்கவில்லை, திரும்பவும் இல்லை, ஓங்கி ஒரே உதை. நடுக் கிரவுண்டில் நின்ற ஒன்பதாம் நம்பர் அதை வாங்கிக்கொண்டு ஓடினாள். நான் ஓரத்தில் "போ! போ! போ!" என்று கூடவே ஓடினேன். கோல். வாழ்க்கையில் முதல் கோல்.

நான் குதித்தேன். தண்ணீர் பாட்டிலைத் தூக்கி எறிந்தேன். பெண்கள் எல்லாம் ஒன்பதாம் நம்பர் மேல் விழுந்து புரண்டார்கள். உட்கார்ந்திருந்த இரண்டு பேரில் ஒருத்தி என்னைக் கட்டிக்கொண்டாள், இன்னொருத்தி போனைப் பிடித்துக்கொண்டே கத்தினாள். பஸ்ஸில் எண்ணிய பழக்கமோ என்னவோ, அந்தக் குவியலில் இருந்த தலைகளை எண்ணினேன். பத்து. மறுபடி எண்ணினேன். பதினொன்று வேண்டும், பத்துதான் இருந்தது.

அப்போதுதான் அந்தப் பக்கம் பார்த்தேன். எங்கள் கோலுக்கு முன்னால், எதிர் டீமின் அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து, எங்கள் ஒன்றாம் நம்பரின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டு "அண்ணா! அண்ணா!" என்று ரெஃப்ரீயைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகக் கூப்பிட்டாளோ, எங்கள் கூச்சலில் யாருக்கும் கேட்கவில்லை.

ஓடினேன். முழங்கைக்குக் கீழே வலது கை, வளையக்கூடாத இடத்தில் வளைந்து கிடந்தது. அவள் அழவில்லை. உதடு மட்டும் வெளுத்துப் போயிருந்தது.

"கோலா மிஸ்?"

"கோல்தான்டா கண்ணு."

"ஆங்," என்றாள். பிறகு என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். "அவுங்கல்லாம் எங்க மிஸ்?"

வருகிறார்கள் என்றேன். அப்போதுதான் வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் ஓடிவந்த ஒன்பதாம் நம்பர் பத்தடி தள்ளியே நின்றுவிட்டாள். அதற்கு மேல் அவளால் வர முடியவில்லை.

கையில் அட்டையை வைத்துக் கட்டி, ஆட்டோவில் ஏற்றி, செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழியில் எதிர் டீம் கோச் போன் பண்ணி, மீதி நேரம் பன்னிரண்டாம் நம்பர் கோலில் நின்றாள், ஒன்று-பூஜ்யம், நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள், உங்கள் பிள்ளைகளை நாங்களே பஸ் ஏற்றிவிடுகிறோம் என்றார். தேங்க்ஸ் என்றேன். ஜெயித்துவிட்டோம் என்று அவளிடம் சொன்னேன். அவள் ஆட்டோ கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள், கேட்டாளா என்று தெரியவில்லை.

இரண்டு எலும்பும் உடைந்திருந்தன. பிளேட் வைக்க வேண்டும், மூன்று மாதத்துக்குப் பந்தைத் தொடக்கூடாது என்றார் டாக்டர். இரண்டு வாரத்தில் செலக்‌ஷன் இருக்கிறது சார் என்றேன், பைத்தியம் மாதிரி. அவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மறுபடி தூக்கிக் காட்டினார்.

அவள் அம்மா மீன் கூடையைப் பக்கத்துக் கடையில் போட்டுவிட்டு வந்து சேர்ந்தார். கையில் இன்னும் செதில் ஒட்டியிருந்தது. அழுது முடித்தபின், எப்படி விழுந்தாள் என்று கேட்டார். ஜெயித்ததைப் பார்த்தாலாவது மனசு ஆறுமோ என்று நினைத்து, போனில் அந்த வீடியோவைப் போட்டுக் கையில் கொடுத்தேன். அந்த நேரத்தில் எனக்கு அப்படியொரு புத்தி.

பார்த்தார். முடிந்ததும் மறுபடி போடச் சொன்னார். விரலால் திரையின் ஓரத்தைத் தொட்டார்.

"தோ இந்தாண்ட கெடக்கறது எம்பொண்ணா?"

"ஆமாங்க."

"எல்லாம் அந்தாண்ட ஓடுதுங்களே. ஏன், பாக்கலியா யாரும்?"

அவர் விரல் திரையின் மறு ஓரத்துக்கு நகர்ந்தது.

"குதிக்கறது யாரு, நீயா மிஸ்?"

"நான்தாங்க."

"மடில போட்டுகினு கீதே, அது யாரு பொண்ணு?"

"எதிர் டீம் பொண்ணுங்க."

"ம்," என்றார். போனைத் தன் புடவையில் துடைத்து என்னிடம் கொடுத்தார். திட்டியிருக்கலாம். என்னை நாலு அறை அறைந்திருக்கலாம், வாங்கிக்கொண்டிருப்பேன். என் முகத்தைப் பார்த்து, "காலைலேருந்து துன்னியோ இல்லியோ, மூஞ்சி வாடிக் கீது. போயி நாஸ்தா துன்னுட்டு வா மிஸ். நான் பாத்துக்கறேன்," என்றார். நான் வெளியே போய், ஆட்டோ ஸ்டாண்டுப் பக்கம் சுவரைப் பார்த்து நின்று அழுதேன்.

ஒன்பதாம் நம்பர் நான்கு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை, ஒட்டிய சுவருக்கு அந்தப் பக்கமும் போகவில்லை. நான் லீவு போட்டுவிட்டுப் போய்ப் பார்த்தேன். வீட்டுக்குப் பின்னால், காய்ந்த வலைக் குவியல் மேல் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உன் மேல் தப்பில்லை, நீ பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய், அவள் விழுந்தது உனக்குத் தெரியாது என்றேன்.

"தெரியும் மிஸ்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"அந்தப் பக்கம் பாத்துகினுதான நின்னேன். அவ வுயுந்தத நான் பாத்தேன். கை மடங்குனதயும் பாத்தேன். போவலாம்னுதான் கால் வெச்சேன். நீங்க சொன்னது காதுல வந்துச்சு." மூக்கை உறிஞ்சினாள். "நீங்க சொன்னீங்களேன்னுதான் மிஸ் திரும்பி ஓடுனேன்."

என் மேல்தான் தப்பு என்று சொன்னேன். இரண்டு மூன்று தடவை சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள், அவ்வளவுதான். நான் சொன்ன எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிப் பழகிய பிள்ளை.

செலக்‌ஷன் நடத்துபவருக்குப் போன் பண்ணிக் கெஞ்சினேன். நல்ல மனுஷர்தான், பொறுமையாகக் கேட்டார். கை சரியான பிறகு அடுத்த வருடம் கூட்டிக்கொண்டு வாங்க என்றார். பிறந்த தேதியைச் சொன்னேன். சாரி மேடம் என்றார். சாதனைகள் என்ற கட்டத்தில் ஒரு வெற்றி என்று எழுதி வைத்திருந்தேன். அந்த விண்ணப்பம் அவள் போட்டோவோடு இன்னும் என் பீரோவில் புடவைகளுக்கு அடியில் இருக்கிறது.

இரண்டு மாதம் நான் கரைப் பக்கமே போகவில்லை. பெண்கள்தான் போன் பண்ணி, ஏன் மிஸ் வரவில்லை என்று நச்சரித்தார்கள். போனேன். முதல் வேலையாக எல்லோரையும் உட்கார வைத்து, "நான் கத்துக் குடுத்தது தப்பு. இனிமே யார் விழுந்தாலும் நில்லுங்க. கோல் போனா போகட்டும். பழைய மாதிரியே இருங்க," என்றேன். "சரி மிஸ்," என்றார்கள் எல்லோரும் ஒரே குரலில். ஒன்றாம் நம்பரும் வந்திருந்தாள். கையைத் துணியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டு, கவிழ்த்து வைத்த படகின் மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். பக்கத்தில் ஒன்பதாம் நம்பர் சற்று இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து ஆடப் போனாள்.

ஆட்டம் ஆரம்பித்துக் கால் மணி இருக்கும். ஓரமாகப் பின்னால் நகர்ந்துகொண்டே போன நான், மணலில் பாதி புதைந்திருந்த நங்கூரக் கயிற்றைப் பார்க்கவில்லை. கணுக்கால் மாட்டிக்கொண்டது, உடம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாக விழுந்தேன். உள்ளே ஏதோ பிசகுகிற சத்தம் எனக்கே கேட்டது. "அம்மா!" என்று கத்தினேன். வேண்டுமென்று கத்தவில்லை, உயிர் போகிற வலி.

யாரும் திரும்பவில்லை.

மல்லாந்து கிடந்தேன். பந்தின் சத்தமும் பெண்களின் சத்தமும் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தன. தலையைத் திருப்பிப் படகுப் பக்கம் பார்த்தேன். ஒன்றாம் நம்பர் இறங்கி நின்றிருந்தாள். கால் ஒரு எட்டு முன்னால் வந்திருந்தது. அங்கேயே நின்று என் முகத்தைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கவிழ்ந்த படகைப் பார்த்து ஒரு கேள்வியும் கேட்காமல் அலைக்குள் ஓடிய பெண் அவள்.

"மெய்யாலுமே வுயுந்துட்டீங்களா மிஸ்?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

"ஆமாடி," என்றேன். "மெய்யாலுமேதான்."

அதற்குப் பிறகு ஓடி வந்தாள். மணலில் முட்டி போட்டு, என் கழுத்தில் கிடந்த விசிலை இடது கையால் எடுத்துத் தன் வாயில் வைத்து ஊதினாள். பந்து நின்றது. அப்புறம்தான் மற்றவர்கள் வந்தார்கள்.